பேலியேட்டிவ் குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு: உங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

வீடு வீடாகப் போய், குணமாக்க முடியாத நோயில் இருப்பவர்களின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் ஒரு பேலியேட்டிவ் குழுவுக்கு உங்களைத் தலைமைத் தாதியாகவோ ஒருங்கிணைப்பாளராகவோ போட்டிருக்கிறார்கள். மருந்து, புண் கட்டுவது, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடலில் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இதுவரை நோயாளிகள் மட்டும்தான் உங்கள் பொறுப்பு. இனி அவர்களைப் பார்க்கும் ஆறேழு பேரும் உங்கள் பொறுப்பு. வேலை விவரத்தில் 'ஊழியர் நலன்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஏற்பாடு செய்வது ஒரு சனிக்கிழமைப் பட்டறை. ஒரு மண்டபம், ஒரு பேச்சாளர், மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பத்து வழிகள் என்று பவர்பாயிண்ட், நடுவில் கறிப்பாப்பும் தேநீரும். வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாள் அது. என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் பட்டறை, யோகா, வாசனை மெழுகுவர்த்தி எதையும் தொட வேண்டாம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் மரணத்தைப் பார்க்கத் தயாராகத்தான் வருகிறார்கள். அவர்களை ஓய்த்துப் போடுவது பெரும்பாலும் நாம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம். பணிப்பட்டியல், தொலைபேசி, கார், மரணத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரம்: இந்த நான்கையும் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது. இவற்றை மாற்றும் அதிகாரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தத் துறை நம் நாட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் முதல் பேலியேட்டிவ் பிரிவு 1995-இல் கோத்தா கினாபாலு குயின் எலிசபெத் மருத்துவமனையில் வந்தது. 2005-இல் பேலியேட்டிவ் மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. சுகாதார அமைச்சின் தேசியக் கொள்கையும் வியூகத் திட்டமும் 2019 முதல் 2030 வரைக்கானவை. சேவை விரிந்த வேகத்துக்கு ஆட்கள் கூடவில்லை. ஆகவே இருக்கும் அனுபவசாலிகளை இழக்காமல் காப்பதுதான் உங்கள் முதல் கடமை.

பினாங்கை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தீவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலும் வீடுகளுக்குப் போகும் குழு. கோலாலம்பூரில் இருப்பவர்கள் பாலம் என்று வரும் இடத்திலெல்லாம் கூட்டரசு நெடுஞ்சாலை என்று படித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்: காரில் ஏறுங்கள்

ஒவ்வொரு தாதியோடும் ஒரு முழு நாள் போய் வாருங்கள். சோதனை போடுவதற்காக வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையை நீங்கள் தூக்குங்கள்.

நோயாளியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில் அன்று உங்கள் கண் இருக்க வேண்டாம். அவர் எப்போது சாப்பிடுகிறார், எங்கே கழிவறைக்குப் போகிறார் என்று பாருங்கள். நோயாளி வீட்டில் கழிவறையைக் கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தாதிகள் உண்டு. பட்டர்வொர்த்தில் ஒரு வீடு, அடுத்தது பாயான் லெப்பாஸ், அப்புறம் மறுபடி பிறை என்று ஒரே நாளில் போட்டிருந்தால், பாலத்திலேயே அவர் பொழுது போய்விடும். மின்தூக்கி பழுதான அடுக்குமாடியில் எட்டு மாடி ஏறுவது, வாசலில் அவிழ்த்துவிட்ட நாய், வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றுவது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வருகைக் குறிப்புகளை எப்போது எழுதுகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் என்று பதில் வந்தால், உங்கள் தாளில் இருக்கும் வேலை நேரம் பொய்.

"எப்படி இருக்கீங்க, அக்கா?" என்று கேட்டால் "ஓகே லா" என்றுதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இந்த வாரம் எந்த வீட்டுக்குப் போகக் கால் வரல, அக்கா?"

"அந்த ஜெலுத்தோங் வீடுதான். அந்தப் பையன் கேட்கிற கேள்விக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்ல."

"அடுத்த தடவை நான் கூட வரட்டுமா? இல்ல வேற ஆளைப் போடட்டுமா?"

"வேற ஆள் வேணாம். நீங்க வாங்க."

அவ்வளவு போதும். ஆனால் வருகிறேன் என்று சொன்னால் போக வேண்டும். முதல் மாதத்தில் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால், அடுத்த முறை உங்களுக்கும் "ஓகே லா" தான்.

மூன்றாவது வாரம்: பணிப்பட்டியலைக் கலைத்துப் போடுங்கள்

நிறைய குழுக்களில் ஆளுக்கு இத்தனை வீடு என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்கிறார்கள். எல்லா வீடும் ஒரே எடை இல்லை. முதல் முறை போகும் வீட்டில் நோயின் கதை முழுவதையும் கேட்க வேண்டும், குடும்பத்தின் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் என்று போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். கடைசி நாட்களில் இருக்கும் நோயாளியின் வீடு இன்னொரு வகை. குழந்தை நோயாளி என்றால் எடை வேறு. வீட்டில் அதே வயதில் பிள்ளை இருக்கும் தாதிக்கு அது இரட்டிப்பு.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இலேசு, நடுத்தரம், கனம் என்று ஓர் அடையாளம் வையுங்கள். அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்; போய் வந்தவர் சொல்லட்டும். ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் கனமானவை குவியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. முதல் வருகையையும் இறுதிநாள் வருகையையும் ஒரே நாளில் ஒருவருக்கே போடாமல் இருக்கப் பாருங்கள். முடியாத நாளும் வரும். அன்று மற்ற வீடுகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்கு ஒரு நாள், பெருநிலத்துக்கு ஒரு நாள் என்று முடிந்தவரை பிரியுங்கள். பட்டியலில் மதியச் சாப்பாட்டை நேரத்தோடு எழுதுங்கள். குறிப்பெழுதவும் தினமும் நேரம் ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் இது வீண் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். அதற்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. வீட்டில் எழுதும் குறிப்பையும் இரவில் எடுக்கும் அழைப்பையும் கூட்டிப் பாருங்கள், 45-ஐத் தாண்டுவது தெரியும். அரசு ஊழியர்களுக்கு விதிகள் தனி. தொண்டு அமைப்புகளுக்கு இது பொருந்தும். சேவை என்ற பெயரில் சட்டம் விலகிப் போவதில்லை.

பண்டிகைகளுக்கு வருவோம். பல்லின ஊழியர்கள் இருப்பது இந்த நாட்டில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஹரிராயாவுக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்வது, தீபாவளிக்கு மலாய், சீனத் தோழிகள் பார்த்துக்கொள்வது, சீனப் புத்தாண்டுக்கு அப்படியே மாற்றிக்கொள்வது எல்லாம் ஏற்கெனவே நடப்பதுதான். ஆனால் வாய்ப்பேச்சாக நடந்தால் கடைசியில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் ஒருவரே ஆகிவிடுகிறார், பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர். அதனால் ஆண்டு முழுவதற்குமான பட்டியலை ஜனவரியிலேயே எழுதி ஒட்டுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை மூடிவிடுவார்கள். அந்த வட்டாரத்து நோயாளிகளுக்கு முந்தின நாளே மருந்து போய்ச் சேர வேண்டும். அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

மைலேஜ், டோல், பெட்ரோல் பணத்தை அந்தந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். சொந்தக் கைப்பணத்தைப் போட்டு ஓடிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் ஒருவரிடம் மன நலம் பற்றிப் பேச உங்களுக்கு முகம் இருக்காது.

தொலைபேசியைப் பிடுங்குங்கள்

வீட்டுப் பராமரிப்பில் தாதியின் சொந்த எண் எப்படியோ குடும்பத்தின் கைக்குப் போய்விடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு "மிஸ்ஸி, அம்மா இன்னைக்கு ஒண்ணுமே சாப்பிடல" என்று வாட்ஸ்அப் வரும் (தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்). பதில் போடாவிட்டால் குற்ற உணர்வு, போட்டால் தூக்கம் போச்சு. மறுநாள் அந்த அம்மா இறந்துவிட்டால், பதில் போடாத அந்த ஒரு செய்தி பல ஆண்டுகள் கூடவே வரும்.

குழுவுக்கென்று ஒரு கைப்பேசி வாங்குங்கள். இரவுப் பணியில் இருப்பவரிடம் அது இருக்கட்டும். முதல் வருகையிலேயே அந்த எண்ணை அச்சடித்த அட்டையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். "ராத்திரியில யார் முழிச்சிருக்காங்களோ அவங்க எடுப்பாங்க, உங்கம்மா விவரம் எல்லாம் அவங்க கையில இருக்கும்" என்று சொன்னால் குடும்பத்துக்கும் நிம்மதி. சொந்த எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களிடம், இனி கொடுக்காதே என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. அந்தக் குடும்பங்களுக்கு நீங்களே போன் செய்து மாற்றிக் கொடுங்கள். தாதி கெட்ட பெயர் வாங்கக் கூடாது. அது உங்கள் தலையில் விழட்டும்.

இரவு அழைப்புக்கு வெளியே போய் வந்தவரின் மறுநாள் முதல் வருகை காலை எட்டரைக்கு இருக்கக் கூடாது. தூக்கம் இல்லாமல் பாலத்தில் கார் ஓட்டுவது ஆபத்து. இதைப் பேச வேண்டிய இடம் ஒன்று இப்போது இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தபின், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறிய அமைப்புகளும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் அமைப்பில் அது யார் என்று கண்டுபிடியுங்கள். இரவு ஓட்டம், நாய்க்கடி, ஊசி குத்துவது, சில வீடுகளில் ஆண்கள் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அவர் கோப்புக்குள் போகட்டும். கடைசியில் சொன்னதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு வீடு இருந்தால் இனி இருவராகத்தான் போவது, பேச்சு முடிந்தது.

ஒரு மரணம் நடந்த அன்று

மருத்துவமனையில் இறப்பு நடந்தால் பக்கத்தில் இன்னொரு தாதி இருப்பார். வீட்டில் உங்கள் ஆள் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் போலீஸுக்குச் சொல்லணுமா, சர்டிபிகேட் யார் தருவார், எத்தனை மணிக்கு எடுப்பது என்ற கேள்விகள். சிரிஞ்ச் பம்பைக் கழற்ற வேண்டும், மிச்ச மருந்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாம் முடித்துக் காரில் வந்து உட்காரும்போதுதான் அவருக்கே உறைக்கும்.

அந்த நேரத்தில் நீங்கள் போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் போதாது. கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. இப்ப எங்கே இருக்கீங்க? பசியாறியாச்சா? அடுத்த வீட்டுக்கு நான் வேற ஆளை அனுப்பட்டுமா? மனசு எப்படி இருக்கு என்று அப்போது கேட்காதீர்கள். பேச வேண்டும் என்றிருந்தால் பசியாறியதைப் பற்றிப் பேசும்போதே அது வந்துவிடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்ற தாதி ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நோயாளி இறந்ததும், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள், இறந்தவரையும் அவருக்காக உழைத்தவர்களையும் நினைத்து. இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். வீட்டில் இதைச் செய்வது எளிது. நம் வீடுகளில் விளக்கேற்றியதும் ஓர் அமைதி தானாகவே வரும். தாதி அந்தக் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தால் போதும். சீன வீட்டிலும் மலாய் வீட்டிலும் அவரவர் வழக்கப்படி ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் நேரத்தைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, வெளியூர்க் கையேடுகளில் இருக்காது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது நம்மில் பலருக்குப் பழக்கம். வீட்டில் மாமியார் பின்பக்க வாசலில் துண்டோடு நிற்பார். நம்பிக்கை உண்டா இல்லையா என்ற வாதம் உங்களுக்கு வேண்டாம். மரணம் நடந்த வீட்டிலிருந்து நேராக இன்னொரு நோயாளி வீட்டுக்கு அனுப்பினால் சிலருக்கு அது உள்ளுக்குள் அறுக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் கொடுங்கள், அல்லது அன்றைய கடைசி வருகையாக அதை ஆக்குங்கள்.

இறுதிச் சடங்குக்கோ கருமாதிக்கோ போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், வேலை நேரத்திலேயே போகலாம், ஆனால் கட்டாயமில்லை என்று எழுதிவைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட ஒருவர் போனபின் தாதிக்கு அழ இடமில்லை. அவர் உறவுக்காரர் இல்லையே. ஊரார் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்கத் துக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே எழுதிவிட்டார். பதினாறாம் நாள் அந்த வீட்டில் இலை போட்டு "மிஸ்ஸி, நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்வதில் பல பட்டறைகளின் பலன் இருக்கிறது.

செய்யக்கூடாத ஒன்று: கடினமான மரணம் நடந்த மறுநாளே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே இருப்பதைக் கொட்டச் சொல்வது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இப்படி ஒரே ஒரு முறை கட்டாயமாகப் பேசவைப்பது பிற்கால மன உளைச்சலைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2002-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சிலருக்குப் பாதிப்பைக் கூட்டியதற்கான தடயமும் அதில் இருந்தது. கதவைத் திறந்து வையுங்கள், பிடித்துத் தள்ளாதீர்கள்.

வாரக் கூட்டத்தில் இருபது நிமிடம்

நோயாளிகளைப் பற்றிப் பேசும் வாராந்தரக் கூட்டம் எல்லாக் குழுவிலும் உண்டு. அதன் கடைசி இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் வாசிக்கட்டும். படுக்கை எண்ணோ நோயின் பெயரோ வேண்டாம், ஆளின் பெயர். அப்புறம் யாராவது ஒருவர் ஒன்றைச் சொல்லலாம். அந்த ஐயா கடைசிவரை சிகரெட் கேட்டுச் சண்டை போட்டது, அந்தப் பாட்டி ஊசி போடும்போதெல்லாம் எம்.ஜி.ஆர். பாட்டுப் பாடியது. சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். வெளியே சொன்னால் கல்நெஞ்சக்காரர்கள் என்பார்கள், அதனால்தான் அதற்கு இந்த அறை.

கொஞ்சம் பழகியபின் மாதம் ஒரு முறை நீட்டலாம். பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் கனிவு பற்றி அவர் எழுதியதையும் அவர் பெயரில் தொடங்கிய மையத்தையும் ஒட்டி ஒரு கூட்ட முறை உருவானது. மருத்துவரிலிருந்து துப்புரவாளர் வரை எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு வேலை தங்களை என்ன செய்தது என்று சொல்வார்கள். யாரும் தீர்வு சொல்லக் கூடாது என்பதுதான் அதில் முக்கியமான விதி. நம்மிடம் கடினமானதும் அதுதான். யாராவது வாயைத் திறந்தால் உடனே நாலு பேர் அறிவுரை சொல்லிவிடுவோம்.

இங்கே இன்னும் இரண்டு தடங்கல் உண்டு. டாக்டர் அறைக்குள் இருந்தால் தாதிகள் பேச மாட்டார்கள். டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, முதலில் அவரையே பேசச் சொல்லுங்கள், தனக்குத் தூக்கம் வராமல் செய்த ஒரு நோயாளியைப் பற்றி. அவர் குரல் ஒரு முறை தடுமாறினால் போதும், மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள். அடுத்தது மொழி. கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால் நன்றாக ஆங்கிலம் பேசுபவரின் துக்கம் மட்டும்தான் வெளியே வரும். தமிழிலோ மலாயிலோ சீனர்களின் ஹொக்கியனிலோ வருவது வரட்டும், பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மிஸ்ஸி"

நம் வீடுகளில் இந்த வேலையின் மிகப் பெரிய பாரம் இதுதான் என்று நினைக்கிறேன். வாசலிலேயே மகன் மறித்துக்கொள்வார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரியாது, அல்சர் என்று சொல்லியிருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். சிலர் சீருடையைக் கூடப் போட்டுக்கொண்டு வராதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்பார்கள். உள்ளே போனால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கு என்னதான் வியாதி?" என்பார். பொய் சொல்லவும் முடியாமல் உண்மை சொல்லவும் முடியாமல் வெளியே வரும் தாதி, அன்று இரவு அந்தக் கையை நினைத்துக்கொண்டிருப்பார். சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் சூழல் கட்டிப்போடும் இந்த வேதனையைப் பற்றி அமெரிக்கத் தத்துவவியலாளர் ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984-இல் தாதியருக்கான அறநெறி நூலில் எழுதினார்.

தாதிக்கு வேண்டியது வார்த்தைகள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஒருவருக்கொருவர் நடித்துப் பழகட்டும். மகனிடம்: "நானா போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அப்பாவா கேட்டா பொய் சொல்ல எனக்கு வராது. அவருக்கு எவ்வளவு தெரியணும்னு முதல்ல அவர்கிட்டயே கேட்கிறேன்." அப்பாவிடம்: "நீங்க என்ன நினைக்கிறீங்க, ஐயா?" பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார். இதற்கும் இறங்கிவராத குடும்பம் என்றால் நீங்களும் டாக்டரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். தாதியைத் தனியாக விடாதீர்கள்.

இதைப் போலவே மோர்பின். "அந்த மருந்தைக் கொடுத்துத்தான் அப்பா போயிட்டார்" என்று துக்க வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார், பெரும்பாலும் அதுவரை வந்து எட்டிப் பார்க்காத சொந்தம். வலிக்குத் தகுந்தபடி படிப்படியாக அளவு கூட்டிக் கொடுக்கும் மோர்பின் மரணத்தை விரைவாக்குவதில்லை. தாதிக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் கடைசி ஊசியைப் போட்ட கை தன்னுடையது என்ற நினைப்பு போகாது. அந்தக் குடும்பத்துக்கு டாக்டர் போன் செய்து விளக்கட்டும், தாதி கேட்கும்படியே பேசட்டும்.

களைப்பா, அதற்கு மேலா?

வேலையில் ஓய்ந்து எரிந்துபோவதற்கு (பர்ன்அவுட்) அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக்கின் ஆய்வுகள் மூன்று அடையாளங்களைக் காட்டின: உணர்வு வற்றிப்போவது, மனிதர்களைப் பொருளாகப் பார்ப்பது, என் வேலையால் என்ன பயன் என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தியது. தாங்க முடியாதவர் பலவீனமானவர் என்று யாராவது பேசினால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் குழுவில் இது எப்படித் தெரியும்? எப்போதும் கலகலப்பாக இருப்பவர் காரில் வானொலியைக்கூடப் போடமாட்டார். நோயாளியின் பெயர் மறைந்து 'அந்த மூணாவது மாடி லிவர் கேஸ்' ஆகிவிடும். திங்கட்கிழமைகளில் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) அடிக்கடி வரும். எல்லாரும் கவனிக்கத் தவறும் ஓர் அடையாளமும் உண்டு: ஓய்வு நாளிலும் ஒரே வீட்டுக்குப் போவது, சொந்தக் காசில் அரிசி, பால் மாவு வாங்கிக் கொடுப்பது. இதைப் பார்த்துப் பாராட்டு விழாவே வைக்கிறார்கள். நான் அங்கேதான் முதலில் கவலைப்படுவேன். வீட்டுக்கு உதவி தேவை என்றால் சமூகநலப் பணியாளர் வழியாக ஏற்பாடு செய்யுங்கள்.

துக்கம் வேறு, இது வேறு. துக்கப்படுபவர் அழுவார், பேசுவார், சில நாளில் சாப்பாடு இறங்கும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலாம் என்ற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். எந்த ஊரிலிருந்தும் அழைக்கலாம். இந்த எண்கள் குழுவின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்வதாக இருந்தால் அமைப்புக்கு வெளியே இருப்பவராகப் பாருங்கள். பினாங்கு சின்ன ஊர். நம் சமூகம் அதைவிடச் சின்னது. ஆலோசகரின் அத்தையும் தாதியின் அம்மாவும் ஒரே கோயில் மகளிர் குழுவில் இருப்பார்கள். இணையவழி வெளியூர் ஆலோசகர் என்றால்தான் சிலர் வாயே திறப்பார்கள்.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேலியேட்டிவ் நோயாளிகளிடம் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைச் சோதித்து, மனவேதனை உடனடியாகக் குறைந்ததைக் கண்டு 2016-இல் வெளியிட்டார்கள். செலவில்லாதது, காரிலேயே செய்யலாம், விரும்புகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பணிப்பட்டியலைச் சரிசெய்வதற்குப் பதிலாக இதைக் கொடுத்தால் ஏமாற்று.

ஊழியரின் சொந்த வீட்டிலேயே இழப்பு வந்தால்? வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று ஒன்று இல்லை. உங்கள் அமைப்பின் விதிகளில் அதை எழுதவைக்கப் போராடுங்கள். திரும்பி வருகிறவருக்கு, அவர் அப்பாவுக்கு வந்த அதே நோயுள்ள நோயாளியை உடனே கொடுக்காதீர்கள். அவரே கேட்டால் ஒழிய.

பட்டியலில் இல்லாதவர்கள்

"அப்பா போயிட்டார்" என்ற செய்தியை முதலில் காதில் வாங்குபவர் யார் என்று பாருங்கள். பகலில் அது அலுவலக எழுத்தர். அழுகையைக் கேட்டு, விலாசம் கேட்டு, தாதிக்குச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் மருந்துக் கடை விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்வார். கீழே காத்திருக்கும் ஓட்டுநரிடம்தான் வீட்டு ஆண்கள் வந்து அழுவார்கள், மாடியில் அழ முடியாததால். சக்கர நாற்காலியையும் ஆக்சிஜன் கருவியையும் திரும்ப எடுத்துவரப் போகும் தொண்டூழியர், இறப்பு நடந்த மூன்றாம் நாள் அந்த வெறும் கட்டிலைப் பார்க்கிறார். இவர்களையும் வாரக் கூட்டத்துக்கு அழையுங்கள். பெயர் வாசிக்கும் வேலையை எழுத்தரிடமே கொடுக்கலாம். எல்லாப் பெயரும் அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் மாதக் கடைசியில்

மறுபடி காரில் ஏறிப் பாருங்கள். மதியச் சாப்பாடு நடக்கிறதா, குறிப்பு எங்கே எழுதப்படுகிறது, ராத்திரி எந்தக் கைப்பேசி அடிக்கிறது. மாறவில்லை என்றால் பட்டறைக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பக் கேளுங்கள். மாறியிருந்தால் பட்டறை வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்து, எல்லாரும் சேர்ந்து வேலை நாளில் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குச் சாப்பிடப் போகலாம் என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும். இன்னொரு ஊரில் இதே பொறுப்பில் இருப்பவரோடு மாதம் ஒரு முறை போனில் பேச ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவிடமே உங்கள் பாரத்தை இறக்கிவைப்பது சரியாக வராது.

எல்லாம் செய்தும் ஒருவர் போகிறேன் என்று வருவார். இந்த வேலையை ஓய்வு பெறும்வரை செய்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதலில் ஆறு மாதம் வீட்டு வருகை இல்லாத வேலை கொடுத்துப் பார்க்கலாம்: வெளிநோயாளி கிளினிக், பயிற்சி, தொலைபேசி ஆலோசனை. அப்படியும் போகிறேன் என்றால் நன்றாக அனுப்பிவையுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அவரே போய்ப் புதியவரை அறிமுகப்படுத்தி விடைபெற ஒரு வாரம் கொடுங்கள்; கடைசி நாள்வரை வருகைகளை அடைத்து அனுப்பாதீர்கள். போகும்முன், எது மாறியிருந்தால் இருந்திருப்பீர்கள் என்று கேட்டு, சொன்னதை அடுத்த மாதப் பணிப்பட்டியல் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.